பீட்டன்போல் கட்டலாமா: முடிவெடுக்க ஆன 14 மாதங்கள்

2023 ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், நாங்கள் குடியிருக்கும் மேடிசனிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய சிற்றூர் பிராட்ஹெட். ஊருக்கு வெளியே மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே ஒரு விமானத் தளம். ஓடுபாதைகள் எல்லாம் புல்தரை. பீட்டன்போல் என்பது வீட்டிலேயே கட்டக்கூடிய, திறந்த காக்பிட் (பைலட் அமரும் இடம்) உள்ள சிறு மர விமானம். ஆஷ்காஷ் விமானத் திருவிழாவுக்கு முன்னால் அதை வைத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் இங்கே கூடுகிறார்கள். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். முன்பின் தெரியாத ஒரு பெரியவர், "முன் சீட் காலியா இருக்கு, வர்றியா?" என்று கேட்டார்.

அதில் ஏறுவதற்கே பழக வேண்டும். இறக்கை தலைக்கு மேலே, குடை விரித்த மாதிரி நிற்கிறது. அதைத் தாங்கும் கால்களுக்கும் குறுக்குக் கம்பிகளுக்கும் நடுவே முதுகை வளைத்து, ஒரு காலை உள்ளே விட்டு, உடம்பை இறக்க வேண்டும். பைலட் உட்காருவது பின் சீட்டில். 600 அடி உயரத்தில் பறந்தோம். ஏழு வருடமாக, மூடிய கேபின் உள்ள செஸ்னா 172 விமானம் ஓட்டுகிறேன். அறுத்துப் போட்ட புல்லின் வாசனையை ஆகாயத்தில் வைத்து நான் முகர்ந்தது அன்றுதான். கீழே ஒரு வீட்டு முற்றத்தில் துணி காயப்போட்டுக் கொண்டிருந்த பெண் நிமிர்ந்து கை அசைத்தார். நானும் அசைத்தேன். கண் கலங்கியதற்குக் காற்று காரணமில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "உங்களுக்கு ஆசை பறக்கிறதுலயா, கட்டுறதுலயா?"

அதற்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. பிறகு மற்ற கட்டுநர்களிடம் பேசியபோது தெரிந்தது, அவர்களும் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் கேட்பது இதைத்தான். பறக்க மட்டும் ஆசையென்றால் கட்டாதே, வாங்கு என்பார்கள். அது நியாயமான பேச்சு. பறக்கும் நிலையில் இருக்கும் பீட்டன்போல் விற்பனைக்கு வரும்போது, புதிதாக ஒன்றைக் கட்ட மரத்துக்கும் துணிக்கும் எஞ்சினுக்கும் ஆகும் செலவைவிடக் குறைந்த விலைக்கே பல சமயம் போகிறது. அதில் ஒருவர் போட்ட வருடக்கணக்கான உழைப்புக்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

பீட்டன்போல் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மினசோட்டாவில் செர்ரி குரோவ் என்ற சின்னஞ்சிறு ஊரில், தானாகவே தொழில் கற்றுக்கொண்ட மெக்கானிக் பெர்னார்ட் பீட்டன்போல். ஃபோர்டு மாடல் ஏ கார் எஞ்சினைப் பொருத்தி 1929ல் தன் 'ஏர் கேம்பர்' விமானத்தைப் பறக்கவிட்டார். 1932ல் அதன் வரைபடம் ஒரு கையேட்டில் அச்சாகி வந்தது. பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலம் அது. மரக்கடையும் பழைய கார் எஞ்சினும் எட்டும் தூரத்தில் இருக்கிற எவரும் விமானம் கட்டலாம் என்பதுதான் அவர் கொடுத்த நம்பிக்கை. இன்றும் அந்த வடிவத்தைத்தான் கட்டுகிறார்கள். ஸ்ப்ரூஸ் மரச் சட்டம், பிளைவுட், மேலே போர்த்திய துணி. காலி எடை 600 பவுண்டுக்குச் சற்று மேல். வேகம் மணிக்கு 70, 75 மைல்.

திறந்த காக்பிட் என்றால் இது ஒன்றுதான் என்றில்லை. போயிங் பொறியாளர் பீட் பவர்ஸ் வரைந்த 'ஃப்ளை பேபி' 1962ல் வடிவமைப்புப் போட்டியில் பரிசு வாங்கியது. இறக்கையை மடித்து கராஜுக்குள் வைத்துவிடலாம். என் வீட்டுக்கு அதுதான் மிகப் பொருத்தம்; ஆனால் ஒற்றை இருக்கை. மூன்று வாரம் அதன் வரைபடத்தோடு சுற்றிக்கொண்டிருந்தேன். என் மகளுக்கு 11 வயது. "அதுல நான் எங்க உக்காருவேன், ப்பா?" என்றாள். அதோடு அந்த யோசனை முடிந்தது. இரட்டை இறக்கை வேண்டுமென்றால் இதே விஸ்கான்சினில் மெரில் ஊர்க்காரர் ஜான் ஹாட்ஸ் வடிவமைத்த விமானம் இருக்கிறது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் உடல் முழுக்க எஃகுக் குழாய், இறக்கை நான்கு. எனக்கு வெல்டிங் தெரியாது, மரவேலை கொஞ்சம் தெரியும். சங்கரன்கோவிலில் பெரியப்பாவின் மரப்பட்டறையில்தான் என் பள்ளி விடுமுறைகள் எல்லாம் கழிந்தன. இழைப்புளி தள்ளும்போது மரம் எந்தப் பக்கம் சிராய் எழுப்பும் என்று கைக்கே தெரிய வேண்டும் என்பார். அந்தக் கை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

அதற்கு முன் ஒரு குறுக்கு வழியையும் பார்த்தேன். பாதியில் நின்றுபோன விமானம் ஒன்று ஒரு பண்ணைக் கொட்டகையில் விலைக்கு இருந்தது. உடற்கூடு முடிந்து, வால் பகுதியும் முடிந்திருந்தது. வேலைப்பாடு குறை சொல்ல முடியாதது. ஆனால் என்ன பசை போட்டார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. கட்டியவர் இறந்துவிட்டார், குறிப்பேடு எதுவும் கிடைக்கவில்லை. அமெரிக்க விதிப்படி, விமானத்தின் பெரும்பகுதியைத் தொழில்முறை அல்லாதவர்கள், கற்பதற்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டியிருக்க வேண்டும். 51 சதவீத விதி என்று பேச்சுவழக்கில் சொல்வது இதைத்தான். பலர் கைமாறிக் கட்டினாலும் பரவாயில்லை, அதற்குப் புகைப்படமும் நாட்குறிப்பும் சாட்சி வேண்டும். கடைசியில் பரிசோதகர் வந்து நிற்கும்போது காட்ட எதுவும் இருக்காது. அதைவிட, உள்ளே மூடிக்கிடக்கும் ஒட்டுகளை நம்பி மகளை முன் சீட்டில் ஏற்ற என் மனம் ஒப்பவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்படி ஒன்றை வாங்க நினைக்கிறவர்கள் மரத்தைத் தட்டிப் பார்க்கும் முன் குறிப்பேட்டைக் கேளுங்கள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் முதல் ரிப் செய்தேன். இறக்கையின் விலா எலும்பு அது. 5 அடி நீளம். கால் அங்குலத்துக்கு அரை அங்குலக் கனமுள்ள ஸ்ப்ரூஸ் குச்சிகளை வளைத்து, சேரும் இடங்களில் மெல்லிய பிளைவுட் துண்டுகளை ஒட்டினால் ஒரு ரிப். இப்படி ஏறக்குறைய 30 வேண்டும். ஒரு பலகையில் முழு அளவு வரைபடத்தை ஒட்டி, கோட்டை ஒட்டிச் சின்னக் கட்டைகளை அடித்து அச்சு செய்துகொண்டேன். முன்பக்க வளைவுக்குக் குச்சியை வெந்நீரில் ஊறவைத்து வளைத்துக் காயவிட வேண்டும். ஊறியது போதாமல் இரண்டு குச்சிகள் முறிந்தன.

ரிப்பை ஒட்டுவதற்கு முன் பசையைச் சோதிக்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டு மரத்துண்டுகளை ஒட்டி, காய்ந்தபின் சுத்தியலால் உடைக்க வேண்டும். மரம் கிழிந்தால் ஒட்டு நல்லது. பசைக்கோட்டிலேயே விட்டால் அந்த ஒட்டு ஆகாது. என்னுடைய முதல் மூன்று துண்டுகளும் பசைக்கோட்டிலேயே சுத்தமாக விட்டுவிட்டன. இரவெல்லாம் தூக்கமில்லை. இங்கே விமானக் கட்டுநர் சங்கத்தில் தொழில்நுட்ப ஆலோசகர்கள் என்று அனுபவஸ்தர்கள் இருக்கிறார்கள். கூப்பிட்டால் காசு வாங்காமல் வந்து பார்ப்பார்கள். வந்தவர் துண்டுகளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு இறுக்கினாய்?" என்று கேட்டார். கிளாம்ப் முறுகும் அளவுக்கு இறுக்கியிருந்தேன். பெரியப்பா பட்டறையில் அப்படித்தான் பழக்கம். அங்கே போட்டது வேறு பசை. நான் போட்ட எப்பாக்சிப் பசையை அவ்வளவு இறுக்கினால் பசை முழுக்க வெளியே பிதுங்கி, ஒட்டு பட்டினியாகிவிடும் என்றார். தொட்டுக்கொண்டிருக்கும் அளவுக்குப் பிடித்தால் போதும். மறுபடி ஒட்டி, இரண்டு நாள் காயவிட்டு உடைத்தேன். மரம் நார் நாராகக் கிழிந்தது. அந்த உடைந்த துண்டைச் சமையலறைக்கு எடுத்துக்கொண்டு ஓடி மனைவியிடம் காட்டினேன்.

அவள் துண்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "சரி, கட்டுறதுலதான் ஆசை," என்றாள்.

அதற்குப் பிறகும் எட்டு மாதம் ஆனது. ஆசை உறுதியானபின்தான் மற்ற கணக்குகளை நேர்மையாகப் போட முடிந்தது.

எஞ்சின் விஷயத்தில் நான் அதிகம் தடுமாறினேன். என் மனம் முழுக்க மாடல் ஏ. 3.3 லிட்டர், 40 குதிரைத்திறன். நிதானமாகச் சுற்றும் பெரிய மர புரொப்பல்லர். அதன் சத்தம் பழைய ரைஸ் மில் எஞ்சினை நினைவூட்டுகிறது. ரேடியேட்டர் எஞ்சினுக்கு மேலே, பைலட்டின் பார்வைக்கு நேரே நிற்கும். பீட்டன்போல் கட்டியது போலவே கட்ட வேண்டும் என்றால் அதுதான். பிராட்ஹெட்டில் மாடல் ஏ விமானம் ஒன்றின் பக்கத்தில் அரைநாள் நின்றிருக்கிறேன். அதன் சொந்தக்காரர் ஒளிக்காமல் சொன்னார்: கோடை மதியத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு எழும்பும்போது மேலே ஏறுவது மெதுவாகத்தான் இருக்கும், அதற்கு நீண்ட ஓடுபாதையும் பொறுமையும் வேண்டும். எங்கள் பக்கத்துத் தளம் குட்டை, கடைசியில் மரங்கள். காண்டினென்டல் ஏ-65 என்பது விமானத்துக்காகவே செய்த எஞ்சின். 65 குதிரைத்திறன், எடையும் குறைவு, பற்றவைப்பு இரட்டை. சான்று பெற்ற எஞ்சினும் அதற்குரிய சான்று பெற்ற புரொப்பல்லரும் சேர்ந்தால் சோதனைப் பறத்தல் 25 மணி நேரம், இல்லையென்றால் 40. அந்த மணிநேரங்களில் பயணி ஏற்றக் கூடாது. காண்டினென்டல் என்று முடிவெடுத்த அன்று மனசு கனத்தது உண்மை. ஆனால் முன் சீட்டில் யார் உட்காரப் போகிறார்கள் என்று தெரிந்தபின் வேறு முடிவு எடுக்க முடியாது.

லேசான எஞ்சினுக்கு ஒரு விலை உண்டு. பைலட் பின்னால் உட்காருவதால் இந்த விமானத்தில் பாரம் வால் பக்கம் சாயும். முன்னால் எஞ்சின் லேசாகிவிட்டால் இன்னும் சாயும். அதனால் இறக்கையைத் தாங்கும் கால்களைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, இறக்கையையே சில அங்குலம் பின்னே தள்ளிவிடுகிறார்கள். எவ்வளவு தள்ளுவது என்பதற்கு என் எடையும் கணக்கில் வரும். நான் 172 பவுண்டு. ஐந்து வருடம் கழித்தும் அதே எடையில் இருப்பேன் என்று நோட்டில் எழுதி, மனைவி முன்னால் கையெழுத்துப் போட்டேன்.

பாதுகாப்பைப் பற்றி வீட்டில் மறைக்காமல் பேசினோம். வீட்டில் கட்டிய விமானங்களைப் பற்றி அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. தொழிற்சாலையில் செய்த சிறு விமானங்களைவிட இவற்றில் விபத்து விகிதம் அதிகம் என்பதும், எஞ்சின் கோளாறும் கட்டுப்பாட்டை இழப்பதும் முக்கியக் காரணங்கள் என்பதும், விமானம் பறக்கத் தொடங்கிய ஆரம்ப மணிநேரங்களில்தான் ஆபத்து கூடுதல் என்பதும் அதில் இருக்கிறது. இரண்டு பேரும் உட்கார்ந்து வாசித்தோம். அதன்படி என் பக்கத்தில் செய்ய வேண்டியதைச் செய்தேன். பீட்டன்போலைப் போல வாலடியில் சக்கரம் உள்ள விமானம் ஓட்ட, ஒரு பழைய பைப்பர் கப் விமானத்தில் பயிற்சி எடுத்து ஒப்புதல் வாங்கினேன். தரையில் இறங்கியபிறகும் கால் ஓயக்கூடாது என்று அதில்தான் புரிந்தது. முதல் பறத்தலுக்கு முன் வேறொருவருடைய பீட்டன்போலில் பயிற்சி எடுப்பேன் என்று வாக்குக் கொடுத்தேன். பீட்டன்போலின் உடம்பு முழுக்கக் காற்றில் இடித்து வேகத்தைக் குறைக்கும். எஞ்சின் நின்றால் வேகம் சட்டென்று விழும், மூக்கை உடனே தாழ்த்த வேண்டும். செஸ்னா பழக்கம் அங்கே உதவாது. ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தையும் எடுத்து, சொந்தமாக விமானம் ஓட்டுவதற்கு விலக்கு ஏதும் இருக்கிறதா என்று வரி வரியாகப் படித்தேன். விலக்கு இருந்தது. வேறு பாலிசி எடுக்கும்வரை ஒரு குச்சி மரம்கூட வாங்குவதில்லை என்று மனைவி சொன்னாள். அப்படியே செய்தோம்.

பணத்துக்கு மாதம் 400 டாலர் எல்லை. எஞ்சினுக்குத் தனிச் சேமிப்பு. இடத்துக்கு இரண்டு கார் கராஜில் பாதி. ஏறக்குறைய 29 அடி இறக்கையை ஒரே துண்டாகக் கட்டினால் உள்ளே நுழையாது, அதனால் மூன்று துண்டு இறக்கை.

கடைசியாக ஒன்று செய்தேன். அட்டைப் பெட்டியும் பழைய பலகையும் வைத்து இரண்டு காக்பிட்டையும் முழு அளவில் கராஜ் தரையில் கட்டினேன். அகலம் 24 அங்குலம். பின்னால் நான் உட்கார்ந்தேன், முழங்கால் இடித்தது. வரைபடத்திலேயே உள்ள, உடற்கூடு நீளமான வடிவத்துக்கு மாற்றினேன், சரியாக வந்தது. முன்னால் மகள் ஏறினாள். அப்புறம் அவளை இறக்கிவிட்டு மனைவி ஏறி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "இங்க ஒரு மெத்தை தச்சுப் போடணும், முதுகு வலிக்கும்," என்றாள்.

2024 செப்டம்பரில் ஸ்பாருக்கு, அதாவது இறக்கையின் நீளவாக்கில் ஓடும் முக்கியச் சட்டத்துக்கு, மரம் சொல்லிவிட்டேன். வந்திறங்கிய அன்று நாலு பலகையையும் கராஜ் வாசலில் சாய்த்து, மர ரேகை 15க்கு 1 சாய்வுக்கு மேல் ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றைத் திருப்பி அனுப்பினேன். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அந்தச் சோதனைத் துண்டுகள் உடைந்த படங்கள் ஒட்டியிருக்கின்றன, பசைக்கோட்டில் விட்டுப்போன மூன்றும் சேர்த்து. நேற்றைய பதிவு: ரிப் எண் 9, 2 மணி 10 நிமிடம், பிளைவுட் துண்டுகளை மகள் வெட்டினாள்.