கோச் தேடிய ஆறு வாரங்கள்

மார்ச் மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதரை இருக்கும். எங்கள் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியின் கேப்டன் போன் செய்தாள். என்னிடம் புள்ளியியல் படிக்கிற பெண். "புரொபசர், கோச் போறாங்களாம். உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். குரல் உடைந்திருந்தது. எனக்கும் அதுவரை தெரியாது. ஏழு வருடம் எங்களோடு இருந்த கோச்சுக்குப் பெரிய கல்லூரி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. மறுநாள் காலை அணியை உட்காரவைத்துச் சொல்லலாம் என்று அவர் இருந்திருக்கிறார். அதற்குள் விஷயம் வெளியே வந்துவிட்டது. பதினைந்து பிள்ளைகளும் விடுதி அறையில் போனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

அன்று ஆரம்பித்து புதிய கோச் வந்து கையெழுத்துப் போடும்வரை ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் நான் தேர்வுக் குழுவில் இருந்தேன். அமெரிக்கக் கல்லூரிகளில் இந்தத் தேர்வு உள்ளுக்குள் எப்படி நடக்கிறது என்று தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கணக்கு வாத்தியாருக்கு இதில் என்ன வேலை என்று ஊரிலிருந்து போன் செய்த அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. என்சிஏஏ என்கிற தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பில் இருக்கும் ஒவ்வொரு கல்லூரியும் ஆசிரியர் ஒருவரை விளையாட்டுத் துறைக்கான பிரதிநிதியாக நியமிக்க வேண்டும் என்பது விதி. விளையாட்டுக்காகப் படிப்பு பலியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள் அவர். எங்கள் கல்லூரியில் அது நான்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து என்றதும் தொலைக்காட்சியில் தெரியும் முதல் பிரிவுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அங்கே பெரிய கோச்சுகளுக்கு மில்லியன் டாலர் கணக்கில் சம்பளம். ஆள் தேடித்தரவே தனி நிறுவனங்கள் உண்டு. 2021 முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கலாம் என்று ஆகிவிட்டது. கோச் மாறினால் பாதி அணி வேறு கல்லூரிக்குப் போய்விடுவதும் சாதாரணம். எங்களுடையது மூன்றாம் பிரிவு. என்சிஏஏ-வில் அதிகக் கல்லூரிகள் இருப்பது இந்தப் பிரிவில்தான். இங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகை ஒரு டாலர்கூடத் தரக்கூடாது. குடும்ப வருமானத்தையும் மதிப்பெண்ணையும் பார்த்துத் தரும் உதவி மட்டும்தான். ஆக, எங்கள் பிள்ளைகள் ஆட ஆசைப்பட்டு ஆடுகிறவர்கள். அவர்களை நல்ல கையில் ஒப்படைக்க வேண்டும் என்ற கவலை எனக்கு முதல் நாளிலிருந்தே இருந்தது.

குழுவில் ஆறு பேர். விளையாட்டுத் துறையின் துணை இயக்குநர் தலைவர். மாணவர் சேர்க்கை அலுவலகத்திலிருந்து ஒருவர், அணியின் காயங்களைக் கவனிக்கும் டிரெய்னர், முன்னாள் ஆட்டக்காரி ஒருவர், மனிதவளத் துறையிலிருந்து ஒருவர், நான். முடிவெடுப்பது நாங்கள் இல்லை. வந்தவர்களில் ஒவ்வொருவரிடமும் என்ன பலம், என்ன பலவீனம் என்று எழுதி விளையாட்டுத் துறை இயக்குநரிடம் கொடுக்க வேண்டும். முதலாவது, இரண்டாவது என்று வரிசை போடக்கூடாது என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்கள். எனக்கு அது அப்போது பிடிக்கவில்லை. பின்னால் அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

மனிதவளத் துறை அம்மா முதல் நாளே ஒரு வகுப்பு எடுத்தார். எல்லோரிடமும் ஒரே கேள்விகள். கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை உண்டா என்று பேச்சுவாக்கில்கூட வாய் திறக்கக்கூடாது. வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு கூடாது என்கிற 1964-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் பின்னால் இருக்கிறது. நம் ஊர்ப் பழக்கத்தில் வளர்ந்த எனக்கு அது கொஞ்சம் கஷ்டம்தான், நாம் பேச்சையே குடும்பத்திலிருந்துதானே ஆரம்பிப்போம். ஆனால் காரணம் புரிந்தது. வேலை கேட்டு வரும் இளம் பெண் கோச்சிடம் அந்தக் கேள்வி எந்தக் கனத்தோடு போய் விழும் என்று யோசித்தால் போதும்.

விண்ணப்பம் வந்து குவிந்தது. பத்து நாளில் 83. ஏப்ரல் முதல் வாரத்தில் முதல் பிரிவுப் பெண்களின் இறுதிச்சுற்று நடக்கும் ஊரிலேயே கோச்சுகள் சங்கத்தின் மாநாடும் நடக்கும். அமெரிக்காவில் பாதிப் பணிமாற்றம் அங்கே வராந்தாவில் நின்று பேசியே முடிவாகிவிடுகிறது என்று எங்கள் தலைவர் சொன்னார். அவர் அங்கே போய் வந்த பிறகுதான் சில நல்ல பெயர்களே எங்களுக்கு வந்தன.

நான் என் பங்குக்கு ஓர் அட்டவணை போட்டேன். டீன் ஆலிவர் என்ற புள்ளியியல் ஆய்வாளர் வகுத்த நான்கு காரணிகள் கூடைப்பந்தில் பிரபலம்: எறிந்த பந்தில் எவ்வளவு கூடைக்குள் போகிறது, எத்தனை முறை பந்தைப் பறிகொடுக்கிறார்கள், தவறிய பந்தை எத்தனை முறை திரும்பப் பிடிக்கிறார்கள், எதிரணி ஃபவுல் செய்ததால் தடுப்பாரில்லாமல் எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவுக்கு எத்தனை முறை கோட்டுக்குப் போகிறார்கள். முதலாவதில், தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளிக் கூடைக்கு, சாதாரண இரண்டு புள்ளிக் கூடையைப்போல் ஒன்றரை மடங்கு மதிப்பு. 60 முறை எறிந்து 22 உள்ளே போய், அதில் 6 மூன்று புள்ளி என்றால், 22-உடன் 6-இல் பாதியான 3 சேர்த்து 60-ஆல் வகுக்க வேண்டும். கிட்டத்தட்ட 42 சதவீதம். ஏற்கெனவே தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர்களின் அணிகளுக்கெல்லாம் இப்படிக் கணக்குப் போட்டு, வண்ணம் அடித்துக் கொண்டுபோனேன்.

டிரெய்னர் அதைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இதுல கோச் எது, பிள்ளைங்க எது?" என்று கேட்டார். ஒரு கோச் வரும்போதே நல்ல அணி கையில் கிடைத்திருக்கும். இன்னொருவர் காலி அறையிலிருந்து தொடங்கியிருப்பார். துணைப் பயிற்சியாளராக இருப்பவருக்கு என் அட்டவணையில் வரியே கிடையாது. அப்போதுதான் டியூக் பல்கலைக்கழகத்தின் கதை எனக்கு நினைவுக்கு வந்தது. 1980-இல் அவர்கள் மைக் ஷெஷெவ்ஸ்கியைக் கோச்சாக எடுத்தபோது, ராணுவக் கல்லூரி அணியில் அவருடைய கடைசி சீசன் 9 வெற்றி, 17 தோல்வி. டியூக்கில் முதல் மூன்று வருடம் சேர்த்து 38 வெற்றி, 47 தோல்வி. அதற்குப் பிறகு அதே கல்லூரிக்கு ஐந்து தேசியப் பட்டம் வாங்கிக்கொடுத்தார். கலிஃபோர்னியாவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் ஜான் வுடன் 1948-இல் கோச்சாகச் சேர்ந்தார். முதல் பட்டம் 1964-இல்தான். என் அட்டவணையை வைத்துப் பார்த்தால் 1980-இல் ஷெஷெவ்ஸ்கி முதல் வடிகட்டலிலேயே விழுந்திருப்பார். அதைத் தூக்கி எறியவில்லை, ஆனால் கோப்பின் அடியில் வைத்தேன்.

வீடியோ நேர்காணலில் ஒன்பது பேர். அதிலிருந்து மூன்று பேரை நேரில் வரச் சொன்னோம். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சேர்க்கை அலுவலகத்து ஆள் எல்லோரிடமும் கேட்ட கேள்வி, "வருஷத்துக்கு எத்தனை பிள்ளைகளைச் சேர்ப்பீர்கள்?" முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு புரிந்தது. சின்னக் கல்லூரியில் கோச் என்பவர் பாதி நேரம் மாணவர் சேர்க்கும் ஆள். உதவித்தொகை கையில் இல்லாமல், ஒரு பெற்றோரின் வரவேற்பறையில் உட்கார்ந்து "உங்கள் பெண்ணை எங்களிடம் அனுப்புங்கள்" என்று சொல்லி நம்பவைக்க வேண்டும். அதுவும் மே 1-ஆம் தேதி எங்கள் கழுத்துக்கு மேல் கத்தியாக நின்றது. இங்கே பள்ளி முடிக்கும் பிள்ளைகள் எந்தக் கல்லூரி என்று முடிவு சொல்லி முன்பணம் கட்ட வழக்கமான கடைசித் தேதி அது. பழைய கோச்சை நம்பி விண்ணப்பித்த ஐந்து பெண்கள், "யார் வரப்போறாங்க?" என்று தினமும் எழுதிக்கொண்டிருந்தார்கள். பதில் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை.

நேரில் வந்த நாள்களைத்தான் நான் மறக்க மாட்டேன். ஒவ்வொருவருக்கும் எங்கள் கடைசி ஆட்டத்தின் கடைசி ஆறு நிமிடத்தை முன்கூட்டியே அனுப்பியிருந்தோம். அதைத் திரையில் ஓடவிட்டு எங்களிடம் பேச வேண்டும். நான்கு புள்ளி முன்னால் இருந்து தோற்ற ஆட்டம் அது.

முதலில் வந்தவர் எங்கள் பிள்ளைகள் செய்த ஒன்பது தவறுகளை வரிசையாகச் சொன்னார். எல்லாமே சரி. இரண்டாமவர் பெயர் பெற்ற கோச், 20 வெற்றிக்கு மேல் எடுத்த சீசன்கள் பல. எப்போது டைம் அவுட் கேட்டிருக்க வேண்டும், எதிரணியின் எந்த ஆளை ஃப்ரீ த்ரோவுக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்று அவர் பிரித்துப் பிரித்துக் காட்டியது பெரிய பாடம். எல்லோரும் சொக்கிப்போனோம்.

மூன்றாமவர் துணைப் பயிற்சியாளர், முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வயதுதான் இருக்கும். மூன்றாவது நிமிடத்தில் படத்தை நிறுத்தினார். பின்னால் ஓட்டினார். மறுபடி நிறுத்தினார். ஆடுகளத்தைக் காட்டவில்லை. ஓரத்தில், ஆடாதவர்கள் உட்காரும் பெஞ்சைக் காட்டினார். "இந்த 14-ஆம் நம்பரைப் பாருங்க. ஸ்கிரீன் வரப்போகுதுன்னு கையைக் காட்டி எழுந்து நிக்கிறாங்க. ஸ்கிரீன் வர ஒரு விநாடி இருக்கு. உள்ளே ஆடுற யாரும் இன்னும் பார்க்கல." ஸ்கிரீன் என்றால், நம் ஆள் ஓடும் வழியை எதிரணி ஆள் ஒருவர் அசையாமல் நின்று மறிப்பது. பிறகு இன்னும் இரண்டு இடத்தில் அதே பெண் அதே மாதிரி முன்கூட்டியே எழுவதைக் காட்டினார். "இவங்க யார்? ஏன் ஆடல?"

அறையில் யாரும் பேசவில்லை. அந்தப் பெண்ணுக்கு முழு சீசனிலும் கிடைத்த ஆட்ட நேரம் மொத்தம் அரை மணிகூட இருக்காது. பள்ளி அணியில் மூன்று வருடம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தவள் நான். எனக்குத் தொண்டை அடைத்தது. அதற்காக நோட்டில் கூடுதல் மதிப்பெண் போடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பார்த்ததை மட்டும் எழுதினேன்.

பிறகு ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு தனியாக. குழுவில் யாரும் உள்ளே போகக்கூடாது. அவர்கள் தயாரித்த கேள்விகளில் ஒன்று: "வியாழக்கிழமை எனக்கு கரிம வேதியியல் லேப் ஆறு மணி வரைக்கும். பயிற்சி நாலரைக்கு. நான் என்ன செய்யணும்?" ஒருவர், படிப்புதான் முதலில், கவலைப்படாதே என்றாராம். இன்னொருவர், லேப் நேரத்தை மாற்ற முடியுமா பார் என்றாராம். மூன்றாமவர், "லேப் முடிச்சிட்டு வாங்க. விட்டுப்போனதை நான் இருந்து சொல்லித்தருவேன். ஆனா வெள்ளிக்கிழமை ஆட்டத்தைத் தொடங்குற முதல் அஞ்சு பேர்ல நீங்க இருக்க மாட்டீங்க, அன்னைக்குப் பயிற்சி செஞ்சவங்க இருப்பாங்க. அதையும் இப்பவே சொல்லிடறேன்" என்றாராம். பிள்ளைகள் எழுதிக்கொடுத்த தாளில் இந்தப் பதிலுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தது. கேட்டவளுக்கு முழுச் சாதகமான பதில் இல்லை அது. ஆனாலும் அதைத்தான் நம்பினார்கள்.

விசாரிப்பு வேலை டிரெய்னர் செய்ததுதான் சிறப்பு. விண்ணப்பத்தில் கொடுத்திருக்கும் பெயர்கள் புகழத்தான் செய்வார்கள். ஆகவே விண்ணப்பதாரரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, பட்டியலில் இல்லாதவர்களையும் அழைத்தோம். அனுமதி இல்லாமல் அழைத்தால், வேலை தேடுவது இப்போதிருக்கும் இடத்துக்குத் தெரிந்து அவர்கள் பிழைப்பே கெட்டுவிடும். டிரெய்னர் அங்கங்கே இருந்த டிரெய்னர்களிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "காயம்பட்ட பிள்ளை எப்போது திரும்ப ஆடலாம் என்று நீங்கள் சொன்னபோது, கோச் என்ன செய்வார்?" ஒரு இடத்தில் பதில் வருமுன் நீண்ட மௌனம். அந்த மௌனத்தையும் அவர் தன் குறிப்பில் எழுதினார்.

இயக்குநர் இரண்டாமவரைத் தேர்ந்தெடுத்தார். எங்களுக்கும் ஆட்சேபம் இல்லை. அந்தக் கோச் மூன்று நாள் அவகாசம் கேட்டார். ஐந்தாவது நாள், இருக்கும் இடத்திலேயே சம்பளம் கூட்டிக்கொடுத்துவிட்டார்கள், வரவில்லை என்றார். ஏப்ரல் 22 அது. எனக்கு அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. தன் வாழ்க்கைக்கு நல்லதைத் தேடுவது யாருக்கும் உரிமைதான். ஆனால் வரும் எண்ணம் இல்லாமல் பதினைந்து பிள்ளைகளை எதிரே உட்காரவைத்துக் கனவு சொன்னது தவறு.

அன்று மாலை இயக்குநர் எங்கள் குறிப்புகளை மறுபடி எடுத்துப் படித்தார். அதில் இரண்டாவது, மூன்றாவது என்று எண் இல்லாததால், மிச்சம் இருந்தவர் என்ற நினைப்பு இல்லாமல் படிக்க முடிந்தது. பெஞ்சும் லேப்பும் அதில் இருந்தன. மறுநாள் அந்தத் துணைப் பயிற்சியாளரை அழைத்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "நான் உங்க முதல் தேர்வா?" இல்லை என்று இயக்குநர் மறைக்காமல் சொன்னார். "சரி, உண்மையைச் சொன்னதுக்கு நன்றி. நாளைக்குச் சொல்றேன்" என்றாராம். மறுநாள் காலை எட்டு மணிக்கே சரி என்றார். 28-ஆம் தேதி கையெழுத்து. மே 1-க்குள் அந்த ஐந்து பெண்களின் வீட்டுக்கும் அவரே போன் செய்தார். மூன்று பேர் சேர்ந்தார்கள்.

முதல் சீசனில் 25 ஆட்டம், 10 வெற்றி. 14-ஆம் நம்பர் நிறைய ஆடினாள், சில ஆட்டங்களில் நன்றாக, சிலவற்றில் சுமாராக. நவம்பரில் ஒரு வியாழக்கிழமை ஏதோ கையெழுத்து வாங்க ஆறரை மணிக்கு ஜிம்முக்குப் போனேன். பயிற்சி முடிந்து, பெரிய விளக்குகளை அணைத்திருந்தார்கள். ஓரக் கூடைக்கு மேலே மட்டும் வெளிச்சம். லேப் கண்ணாடியைத் தலைமேல் தூக்கிவிட்டபடி வேதியியல் பெண் நின்றிருந்தாள். கோச் பந்தைத் தரையில் வைத்துவிட்டு, அன்று மற்றவர்கள் பழகியதைக் காலடி காலடியாக நடந்து காட்டிக்கொண்டிருந்தார்.