ரோகிணிக் கூட்டத்து வெண்குள்ளன்கள்: காவல் கொட்டில் குறிப்புகள்

ஜனவரி 17, 2026, சனி

நாளை தை அமாவாசை. நல்ல இருட்டு. மாங்குளத்துக்கு மேற்கே எங்கள் வயலில் நெல் முற்றிவிட்டது, யானை இறங்கும் காலம். அத்தானுக்குப் பதிலாக நான்தான் காவல். ஒன்பது மணிக்கு ரோகிணி நட்சத்திரம் உச்சியில் நின்றது. சிவந்த அந்த வெள்ளி 65 ஒளியாண்டில். அதைச் சுற்றித் தெரியும் ரோகிணிக் கூட்டமோ (சகடு என்பதும் இதுதான்) 150 ஒளியாண்டுக்கும் அப்பால். எரிந்து முடிந்த சூரியன்கள், வெண்குள்ளன்கள், ஏறத்தாழ பத்து அதற்குள் கிடக்கின்றன. அவ்வளவு மங்கல், 14ஆம் ஒளித்தரம், பைனாகுலருக்கு அகப்படாது. எந்தப் பக்கம் இருக்கின்றன என்று தெரிந்து பார்ப்பதே எனக்குப் பெரிய சந்தோசம்.

ஜனவரி 19

மருமகள் சாப்பாடு கொண்டு வந்தாள். உயர்தரம் படிக்கிறவள். “மாமா, உந்த வெண்குள்ளன்களின்ரை மேல்தோலிலை என்ன இருக்கு?”

உள்ளே காபனும் ஒட்சிசனும். பூமியளவு உடம்புக்குள் அரைச் சூரியனுக்கு மேலான திணிவு; ஈர்ப்பு பூமியைவிட இலட்சம் மடங்கு. தேத்தாங்கொட்டை உரைத்த தண்ணீரில் மண் அடையுமாப்போல பாரமானதெல்லாம் கீழே போய்விடும். ஐதரசன் மிஞ்சியிருந்தால் அதுவே மேலே, இல்லாவிட்டால் ஈலியம்.

தனியே திரிகிறவற்றில் ஏறத்தாழ நாலில் மூன்று ஐதரசன் தோல். ஒன்றாய்ப் பிறந்த வெள்ளிகளின் இளம் கொத்துகளிலோ ஏறக்குறைய எல்லாமே ஐதரசன். 2005இல் வானியலாளர் கலிராயின் குழு எம்37 என்ற கொத்தில் கண்டதும் இதுதான். அவர்கள் சொன்ன காரணம் எனக்குப் பிடித்தது: இளம் கொத்தின் வெண்குள்ளன்கள் சூடானவை, திணிவு கூடியவை, அடியிலுள்ள ஈலியத்தைக் கிளறி மேலே கொண்டுவரும் அளவுக்கு அவற்றில் கொதிப்பு வலயம் (சூட்டால் மேலும் கீழும் புரளும் பகுதி) ஆழமாக வளராது.

ஜனவரி 20

மழை. வெட்டு மெசின் வரவில்லை.

ஜனவரி 24

நான் சொல்ல ஆசைப்பட்டது இதைத்தான். 2013இல் வானியலாளர் ஃபரிஹியின் குழு, இந்த ரோகிணிக் கூட்டத்தின் இரண்டு வெண்குள்ளன்களை ஹபிள் தொலைநோக்கியால் புறஊதாவில் பார்த்தது. அந்த ஒளியை எங்கள் காற்று தடுத்துவிடும், அதனால் விண்வெளியிலிருந்துதான் பார்க்க வேண்டும். ஒளியைப் பிரித்த நிறமாலையில், ஐதரசன் தோலில் சிலிக்கன் இருப்பதைக் காட்டும் கோடுகள் தெரிந்தன! அவ்வளவு சூட்டில் சிலிக்கன் சில நாள், சில கிழமைக்குள் ஆழ்ந்துவிடும். அப்படியென்றால் அது இப்போதும் விழுந்துகொண்டிருக்கிறது: உடைந்த சிறுகோள்களின் பாறைத் துகள். காபன் அளவு குறைவாக இருந்ததால் பூமி போன்ற பாறை என்று கணித்தார்கள். அந்தச் சூரியன்களைப் பாறைக் கோள்களும் சுற்றியிருக்கலாம். கொத்தின் வயது 60 கோடி ஆண்டுக்கு மேல் என்பது தெரிந்திருப்பதால், தாய் வெள்ளி சூரியனைப்போல மூன்று மடங்கு கனம் என்பதையும் கணக்கிட முடிந்தது. தனியாய்த் திரியும் வெண்குள்ளனிடம் இவ்வளவு திடமாக வயது கேட்க முடியாது. கொத்துகளை நான் விடாமல் பார்ப்பது இதனால்தான்.

பெப்ரவரி 1, ஞாயிறு, தைப்பூசம்

வயல் வெட்டியாயிற்று. முழுநிலவு பூசக் கொத்துக்குப் பக்கத்தில் நிற்க, கொத்து தெரியவேயில்லை. ரோகிணிக் கூட்டத்தின் வயதை ஒட்டியதுதான் இதுவும். இதன் வெண்குள்ளன்களும் ஐதரசன் தோல்காரர். “அங்கையும் பாறை விழுமோ மாமா?” என்றாள். அடுத்த அமாவாசைக்குப் பிறகு பூசத்தை இருட்டில் காட்டுகிறேன் என்றேன். அதற்குள் நிறமாலைப் பாடத்தை முடிக்கச் சொல்லியிருக்கிறேன்.