குவாபின் கரையில ரெண்டு சம்மர்

கிரீன் கார்டு கைக்கு வந்த வருஷம் எனக்குக் கிடைச்ச முதல் வேலை மாசச்சூசெட்ஸ் ஸ்டேட்டோட டிசிஆர்ல. பார்க், காடு, குடிதண்ணி வர்ற நீர்ப்பிடிப்பு நிலம் மூணையும் சேர்த்துப் பாத்துக்கிற டிபார்ட்மென்ட் அது, 2003ல ரெண்டு பழைய ஆபீஸை இணைச்சு உருவாக்கினது. என்னைப் போட்டது குவாபின் ரிசர்வாயர்ல, சீசனல் வேலை. பாஸ்டனுக்கு மேற்கே 65 மைல் தூரத்துல இருக்கு, 412 பில்லியன் கேலன் பிடிக்கும், நம்ம கணக்குல சொன்னா சுமார் 55 டி.எம்.சி.

என் வேலையில பாதி "முடியாது"ன்னு சொல்றதுதான். நாய் கூட்டிட்டு வரக்கூடாது, தண்ணில இறங்கி குளிக்கக்கூடாது. ஜூலை வெயில்ல சின்னப் பசங்களோட வந்த ஒரு குடும்பம், இவ்ளோ தண்ணி கிடக்கு, பசங்க ஒரு முங்கு போட்டா என்னங்கன்னு கேட்டாங்க, பதில் சொல்ல எனக்கு வாயே வரல, ரூல்ஸ்னு மட்டும் சொல்லி அனுப்பிட்டு அன்னிக்கு பூரா மனசு சரியில்ல.

கூட வேலை பாத்த சீனியர் ஒருத்தர்தான் புரிய வச்சார். இந்தத் தண்ணி ஃபில்டர் பிளான்ட்டே இல்லாம பாஸ்டன் பக்கம் போகுது. கிருமிக்கு ஓசோன், யூவி எல்லாம் உண்டு, ஆனா வடிகட்டுறது சுத்தி இருக்கிற காடுதான். குழாய், சுத்திகரிப்பு எல்லாம் வேற அமைப்பு பாக்குது, காடும் கரையும் எங்க பொறுப்பு. கடல்காக்கா எச்சத்துல பாக்டீரியா வரும்னு, தண்ணி எடுக்கிற இடத்துப் பக்கம் ராத்தங்க வர்ற பறவைகளை போட்ல போய் வெடிச் சத்தம் போட்டு விரட்டுவாங்க. மான் வேட்டை விஷயம்தான் எனக்கு ஜீரணிக்க ரொம்ப நாளாச்சு. பல வருஷமா வேட்டையே இல்லாததால மான் பெருகி, முளைக்கிற கன்னை எல்லாம் மேய்ஞ்சிடுச்சு, பெரிய மரம் விழுந்தா அந்த இடத்துக்கு வர அடுத்த தலைமுறை மரமே இல்ல. அதனால 1991ல இருந்து வருஷத்துல சில நாள் மட்டும் கட்டுப்பாட்டோட வேட்டைக்கு விடுறாங்க, இப்போ கன்னு மேல வருது. மரம் இல்லேன்னா மண்ணு கரைஞ்சு நேரா தண்ணிக்குள்ளதானே போகும்?

ரெண்டாவது சம்மர்ல ஒரு வயசான அம்மா மகளோட வந்து, டேனா காமனுக்கு, அதாவது டேனாங்கிற பழைய ஊரோட நடுத் திடலுக்கு, எப்படிப் போறதுன்னு கேட்டாங்க. இந்த ரிசர்வாயருக்காக டேனா, என்ஃபீல்ட், கிரீனிச், பிரஸ்காட்னு நாலு ஊரை 1938 ஏப்ரல் 28ல ஊர்ப் பட்டியல்ல இருந்தே எடுத்துட்டாங்க, சுமார் 2,500 பேர் வீட்டை விட்டுப் போனாங்க, கல்லறைகளைக் கூடத் தோண்டி வேற இடத்துக்கு மாத்தினாங்க. இதுல டேனா காமன் தண்ணிக்குள்ள போகவே இல்ல, மேட்டுல இருக்கு. ஆனாலும் தண்ணி அசுத்தமாகக் கூடாதுன்னு அங்க இருந்த வீடுகளையும் இடிச்சாங்க. அன்னிக்கு எனக்கு டூட்டி முடிஞ்சிருந்ததால 40ம் நம்பர் கேட்ல இருந்து அவங்களோடயே நானும் நடந்தேன், கிட்டத்தட்ட ரெண்டு மைல், அந்தம்மா எங்கயும் உக்காரல. வீடு இருந்த இடத்துல கல்லு கட்டின அடித்தளக் குழி மட்டும்தான் இருக்கு. இதுதான் எங்க அம்மா பொறந்த வீடா இருக்கணும்னு ஒரு குழி ஓரத்துல ரொம்ப நேரம் நின்னாங்க, நாங்க ரெண்டு பேரும் பேசாம தள்ளி நின்னோம்.

அதுக்கப்புறம் நாயோட வந்தவங்களை ரூல்ஸ்னு மட்டும் சொல்லி நான் திருப்பி அனுப்பினதில்ல, டேனா கதையையும் சேர்த்தே சொன்னேன். சிலபேர் நாயை வீட்ல விட்டுட்டு அடுத்த வாரம் திரும்ப வந்து, அந்தக் குழிங்களைப் பாக்க வழி கேட்டாங்க.