டீசல் கணக்கு

லாகோஸில் ஒரு பிளாஸ்டிக் வாளித் தொழிற்சாலையில் நான்கு வருடம் கணக்காளராக இருந்தேன். மாதக் கடைசியில் பேரேட்டைத் திறந்தால் சம்பளத்தைவிட டீசல் செலவு அதிகமாக நிற்கும். லைன் கரண்ட் ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான் வரும். மற்ற நேரமெல்லாம் ஜெனரேட்டர். பூமிக்குள் அவ்வளவு எண்ணெய் வைத்திருக்கும் நைஜீரியாவில், கப்பலில் இறக்குமதியான டீசலை ஊற்றித்தான் வாளி செய்தோம். அரசின் நான்கு சுத்திகரிப்பு ஆலைகளும் பெரும்பாலும் முடங்கிக் கிடந்த காலம் அது.

எங்கள் ஸ்டோர் கீப்பர், எண்ணெய் எடுக்கும் பகுதியான நைஜர் டெல்டாக்காரர். 1956-ல் எண்ணெய் கிடைத்த ஒலோய்பிரி அவர் ஊருக்குப் பக்கம். "எண்ணெய்க் குழாய் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே போகிறது, ஓகா. அம்மா மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கிறார்" என்றார் ஒரு நாள். ஓகா என்றால் அங்கே ஐயா, முதலாளி என்று அர்த்தம். அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

1970-களில் எண்ணெய் டாலர் குவிந்தபோது நைஜீரிய நாணயமான நைராவின் மதிப்பு ஏறியது, வெளிநாட்டுச் சாமான் மலிவானது, உள்ளூர் விளைச்சலை வெளியே விற்பது கட்டுப்படியாகவில்லை. வடக்கே கானோ நகரில் மலைபோல் அடுக்கியிருந்த நிலக்கடலை மூட்டைகள் காணாமல் போயின. அதைவிடப் பெரிய கேடாக நான் நினைப்பது வேறு. எண்ணெய்ப் பணமே கஜானாவை நிரப்பிவிட்டால் அரசுக்கு மக்களின் வரி பெரிதாகத் தேவைப்படாது. வரி கட்டாதவருக்குக் கணக்குக் கேட்கப் பிடியும் இருக்காது.

அப்புறம் போட்ஸ்வானாவில் கபரோனேவுக்கு வேலை மாறினேன். 1966-ல் விடுதலை பெற்றபோது உலகின் பரம ஏழை நாடுகளில் ஒன்று அது. மறுவருடம் வைரம் கிடைத்தது. அதே 1967-ல், கனிமம் எந்த இனக்குழுவின் நிலத்தில் இருந்தாலும் நாட்டுக்கே சொந்தம் என்று சட்டம் வந்தது. வைரம் கிடைத்த ஒராபாவோ அதிபர் செரெட்சே காமாவின் சொந்த இனக்குழுவின் நிலம்! சுரங்கத்தை நடத்திய டி பீர்ஸ் வைர நிறுவனத்துடன் பேசிப் பேசி, அதில் அரசின் 15 சதவீதப் பங்கை 1975-ல் 50 ஆக்கினார்கள். பணம் சாலைக்கும் பள்ளிக்கும் போனது; 1994 முதல் மிச்சத்தைப் பூலா நிதி என்ற சேமிப்பு நிதியில் சேர்த்தார்கள். அங்கும் வேலையில்லாத இளைஞர்களைப் பார்த்தேன். வைர விலை சரிந்தால் நாடே ஆட்டம் காணும். ஆனாலும் பட்ஜெட் நாளில் எங்கள் அலுவலக டிரைவர் ரேடியோவை விட்டு நகரமாட்டார்.

நைஜீரியாவிலும் சட்டம் இருக்கிறது: எண்ணெய் வருமானத்தில் குறைந்தது 13 சதவீதம், எண்ணெய் எடுக்கும் மாநிலங்களுக்கு. அந்தப் பணம் எந்த ஊரில் எந்தப் பள்ளியாக மாறியது என்று ஊர்ச் சுவரில் எழுதி வைக்க வேண்டும் என்பேன் நான். போன மாதம் ஸ்டோர் கீப்பரிடம் போனில் இதைச் சொன்னேன். "சரி ஓகா, எங்கள் பள்ளிக்குக் கூரை போட எவ்வளவு ஆகும்? ஒரு கணக்குப் போட்டுக் கொடுங்கள்" என்றார். அளவுகளை அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.