எட்டே கட்டளைகள் கொண்ட மொழியை வேகப்படுத்துதல்

ஊர்பன் முல்லர் 1993இல் உருவாக்கிய பிரைன்ஃபக் என்ற நிரலாக்க மொழியில் மொத்தம் எட்டுக் கட்டளைகள்தான். கட்டத்துக்கு ஓர் எண் என 30,000 கட்டங்கள் கொண்ட நினைவக நாடாவும் அதன் மேல் நகரும் ஒரு சுட்டியும் போக வேறெதுவும் கிடையாது. இதற்கு இன்டர்பிரெட்டர், அதாவது நிரலைப் படித்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றும் மென்பொருள், எழுதுவது எளிது. அதை வேகமாக ஓட வைப்பதில்தான் சுவையே இருக்கிறது.

நிரலை ஓட்டும் முன்பே ஒருமுறை படித்து, லூப்பின் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதியின்) தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் ஒவ்வொரு அடைப்புக்குறிக்கும் இணை எங்கே என்று குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்தடுத்து வரும் ஏழு கூட்டல் குறிகளை ‘7 கூட்டு’ என ஒன்றாக்கிவிட வேண்டும். இவை எவருக்கும் தோன்றுபவை.

இதற்குப் பிறகு பலர் நேரே ஜிட் கம்பைலருக்கு, அதாவது நிரலை ஓடும்போதே இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளுக்கு, தாவுகிறார்கள். அது அவசரம் என்பேன். ஒரு கட்டத்தைச் சுழியாக்க வழக்கமாக [-] என்று எழுதுவார்கள்: கட்டம் சுழியாகும் வரை ஒவ்வொன்றாகக் குறை என்று பொருள். கட்டத்தில் 200 இருந்தால், இயந்திர மொழிக்கு மாற்றிய பிறகும் அந்த லூப் 200 முறை சுற்றத்தான் செய்யும். அதன் நோக்கத்தைப் புரிந்துகொண்டு ‘சுழியை இடு’ என்று மாற்றினாலோ ஒரே கட்டளையில் வேலை முடிந்துவிடுகிறது.

[->+++<] என்பதும் இத்தகையதே (கூரிய குறிகள் சுட்டியை அவை காட்டும் பக்கம் ஒரு கட்டம் நகர்த்தும்): இருக்கும் மதிப்பை மூன்றால் பெருக்கி, வலப்பக்கக் கட்டத்தில் சேர்த்துவிட்டு, தன் கட்டத்தைச் சுழியாக்குகிறது. இதைப் பெருக்கலாக மாற்ற வேண்டுமானால், லூப்புக்குள் உள்ளீடோ வெளியீடோ வேறொரு லூப்போ இருக்கக் கூடாது. சுட்டி புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். எண்ணிக்கைக் கட்டம் சுற்றுக்கு ஒன்று குறைய வேண்டும். இரண்டிரண்டாகக் குறைத்தால், எட்டு பிட் கட்டத்தில் (0 முதல் 255 வரை; சுழிக்குக் கீழே போனால் மீண்டும் 255இலிருந்து தொடரும்) ஒற்றைப்படை எண் இருக்கும்போது லூப் முடியவே முடியாது. அந்த முடிவின்மையும் நிரலின் பொருளில் அடங்கியதே என்பதால் அதை மாற்றும் உரிமை நமக்கில்லை. இன்னொரு நுட்பமும் உண்டு. எண்ணிக்கை சுழியாக இருந்தால் மூல லூப் ஓடாது, வலப்பக்கக் கட்டத்தைத் தொடவும் செய்யாது; நாடாவின் கடைசிக் கட்டத்தில் சுட்டி நிற்கையில் நாம் சோதிக்காமல் பெருக்கிச் சேர்த்தால், நமக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் எழுதிவிடுவோம்.

சுழியைத் தேடி நகரும் [>] லூப்புக்கு, கட்டங்கள் ஒரு பைட் அளவில் இருந்தால், நினைவகத்தில் ஒரு பைட்டை வலப்பக்கமாகத் தேடித் தரும் சி மொழியின் மெம்சிஆர் (memchr) சார்பு பொருந்தும். இடப்பக்கம் தேடும் மெம்ஆர்சிஆர் (memrchr) சி தரநிலையில் இல்லை, சில நூலகங்களில் மட்டுமே உள்ளது என்பதால், அதை நாமே எழுதிக்கொள்வது நல்லது.