கற்றாழையும் காலி முட்டையும்

மகளின் மழலையர் பள்ளியிலிருந்து ஒரு சீட்டு வந்தது: ஈஸ்டருக்கு ஆளுக்கு ஐந்து முட்டை. பொறுப்பாக அவித்து, ஆறவைத்து, டப்பாவில் போட்டு அனுப்பினேன். மாலையில் டப்பா அப்படியே திரும்பி வந்தது. அவர்கள் கேட்டது 'ஊதிய முட்டை'யாம். அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் படித்திருக்கிறேன். ஜெர்மனியின் டிரெஸ்டனுக்கு வந்து ஆறு வருஷம், வரி அலுவலகக் கடிதத்தையே தனியாகப் படிக்கிறவள் என்ற பெருமை அன்றோடு போச்சு.

ஊதுவதென்றால், முட்டையின் இரண்டு முனையிலும் ஊசியால் துளை போட்டு, உள்ளே குத்தி மஞ்சள் கருவைக் கலக்கிவிட்டு, மேல் துளையில் வாய் வைத்து, உள்ளே இருப்பதெல்லாம் கீழ்த் துளை வழியாக வெளியேறும்வரை ஊத வேண்டும். முதல் முட்டை கையிலேயே நொறுங்கியது. மூன்றாவதுக்குள் காது அடைத்துவிட்டது. நாதஸ்வரக்காரர்களை இனி குறை சொல்ல மாட்டேன். கிண்ணம் நிறைய கலங்கிய முட்டை சேர, மூன்று நாள் பொடிமாஸ். "ஈஸ்டர் எப்ப முடியும்?" என்றார் கணவர்.

திரும்பி வந்த அவித்த முட்டைகளுக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டி வாழ்வு கொடுத்தார். பவுட்சன் ஊர்ப் பக்கத்து சோர்பியர் அவர்; கிழக்கு ஜெர்மனியில் வாழும் சிறிய ஸ்லாவிய இனம். "வெங்காயத் தோல் இருக்கிறதா?" என்று கேட்டார். சாம்பார் வைக்கிற வீட்டில் அதற்கா பஞ்சம்! முட்டைமேல் ஒரு இலையை ஒட்டி, பழைய நைலான் காலுறையில் இறுக்கிக் கட்டி, தோல் கொதிக்கிற தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டுப் போட்டார். அவர் வைத்தது பார்ஸ்லி, நான் வைத்தது கொத்தமல்லி. கட்டைப் பிரித்தால் மருதாணிச் சிவப்பில் முட்டை, நடுவில் இலை மட்டும் வெள்ளையாக. கையை மோந்து பார்த்தேன். வெங்காயம்தான், மருதாணி இல்லை.

அப்புறம் அவர் ஊர் வேலையைக் காட்டினார். இறகின் நுனியை முக்கோணமாக வெட்டி, உருகிய மெழுகில் தொட்டு, முட்டையில் வரிசையாக ஒற்றுவார். சாயத்தில் முக்கி எடுத்து, மெழுகுவர்த்திச் சூட்டில் காட்டித் துடைத்தால் ஒற்றிய இடமெல்லாம் வெள்ளைப் பூ. மார்கழி முழுக்கப் புள்ளிக் கோலம் போட்ட கை, இது எம்மாத்திரம் என்று உட்கார்ந்தேன். வாசல் உருளாது, முட்டை உருள்கிறது. என் தாமரை கம்பளிப்பூச்சியாகி நின்றது. பாட்டி நாகரிகமாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

ஊதிய முட்டைகளில் பள்ளிக்குப் போனதுபோக மீந்தவற்றுக்கு மகள் நீலம் பூசினாள். நூல் கட்டி, ஜாடியில் வைத்த கிளையில் தொங்கவிட்டோம். இந்த ஊர் வழக்கம் இப்போது எங்களுக்கும் பழகிவிட்டது என்றுதான் எழுத வந்தேன். ஆனால் கிளையைப் பார்க்கப் பார்க்க அம்மாச்சி வீட்டுக் கற்றாழைத் தொட்டிதான் வருகிறது. முட்டை உடைத்த கையோடு ஓட்டைக் கொண்டுபோய் முள் நுனியில் கவிழ்த்துவிடுவார். குழந்தைகள் கண்ணில் குத்தாமல் இருக்கவா, திருஷ்டிக்கா என்று கேட்டால், "ரெண்டுக்கும்தான்."

வீடியோவில் அம்மாவிடம் கிளையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"எல்லாம் சரி, ஏன் தொங்க விட்டிருக்கே? அங்க கற்றாழை கிடைக்காதா?"