பாக்கி வைத்த முடிக்காணிக்கை

2022-இல் குரூப் 4 தேர்வுக்குக் கிளம்பிய அன்று, தேறினால் பழனியில் மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். வேலை கிடைத்தது. முடி மட்டும் தலையிலேயே இருந்தது. கொஞ்சம் முடி மட்டும் கொடுக்கும் பூமுடி போதாதா, அலுவலகத்தில் என்ன நினைப்பார்கள் என்று முருகனிடமே பேரம் பேசினேன். பால் கறந்துவிட்டு அடுப்படியில் புத்தகம் விரித்தவளுக்கு மொட்டை ஒரு பொருட்டாக இருந்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவளுக்குத்தான் பெரிதாகிவிட்டது. "சம்பளம் வந்ததும் மாறிவிட்டாய்" என்று அத்தை சொல்லும்போதெல்லாம் கோபம் வரும். மாறத்தானே படித்தேன்? ஆனால் அந்த அடுப்படிக்காரி எங்கே போனாள் என்று ராத்திரிகளில் தேடுவேன்.

ஒரு கிருத்திகையன்று அத்தையோடு கிளம்பினேன். அலுவலகத்துக்கு முக்காடு போட ஒரு துண்டும் வாங்கி வைத்துக்கொண்டேன். அடிவாரத்தில் ஒருவர் செருப்பு விட இடம் காட்டிவிட்டு, அர்ச்சனைத் தட்டு வாங்கினால்தான் ஆயிற்று என்று வழிமறித்தார். சாமி பார்க்க வருகிறவர்களை இப்படியா படுத்துவது? முடி இறக்கியதும் அத்தைதான் சந்தனம் பூசினார். பேசவில்லை. விரல்கள் மட்டும் உச்சந்தலையில் கொஞ்ச நேரம் நின்றன.

அடிவாரத்து ஆவினன்குடி கோயிலில் கும்பிட்டுவிட்டுப் படியேறினோம். வழியில் இடும்பன் சன்னதி வருவதற்குள் அத்தையின் முழங்கால் வீங்கிவிட்டது.

"விஞ்ச் ரயிலில் போயிருக்கலாமே, அத்தை."

"நீ பரீட்சைக்குப் போன அன்றே, 693 படியும் ஏறி வருகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டேன்" என்றார்.

எனக்குப் பேச்சே வரவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு படியிலும் அவர் கையை என் தோளில் போட்டுக்கொண்டேன்.

மூன்று மணி நேர வரிசை. அத்தனை நெரிசல், அத்தனை தள்ளுமுள்ளு. உள்ளே போனபோது சாயரட்சைப் பூஜை. வீட்டுப் படத்தில் கோவணத்தோடு நிற்கிற என் ஆண்டி, ராஜ அலங்காரத்தில் கிரீடமும் பட்டுமாக நின்றான். காலையில் ஆண்டி, சாயங்காலம் ராஜா, முகம் ஒன்றுதானே! இவனிடமா நாற்காலிக் கௌரவம் பேசினேன்? அப்பனே, அடுப்படியில் படித்தவளையும் நீதான் பார்த்துக்கொண்டாய், இவளையும் நீதான் பார்க்கிறாய். கேட்க ஒன்றுமே தோன்றவில்லை. நகரச் சொன்னார்கள், நகர்ந்தேன். கண்ணீர் நிற்கவில்லை. அத்தையும் அழுதுகொண்டிருந்தார். முருகா, முருகா என்பதைத் தவிர வேறு வார்த்தை இருவருக்கும் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் பஞ்சாமிர்த டப்பாக்கள் உருண்டன. பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து, அவற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன்.